நாய்க்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுவரை ஓடிய நாய் இன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்கிறது, அல்லது தூக்கப் போனாலே அலறுகிறது. கால்நடை மருத்துவர் "டிஸ்க் பிரச்சினை" என்று சொல்லிவிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஆயிரம் சந்தேகம். முதுகுத்தண்டு நோயுள்ள நாய்களை வளர்ப்பவர்களுக்குத் துணையாக இருக்கும் தன்னார்வலர் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே தேட வேண்டாம்.

எது அவசரம்? காலைவரை காத்திருக்கலாமா?

எழுந்து நிற்க முடியவில்லை, கால்களை இழுக்கிறது, சிறுநீர் கழிக்கவில்லை, தள்ளாட்டம் மணிக்கு மணி கூடுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் கிளம்புங்கள். தண்டுவடம் நசுங்கியிருக்கும்போது சில மணி நேரத்திலேயே நிலைமை ஒரு படி கீழே இறங்கிவிடலாம்.

வலி மட்டும் இருக்கிறது, நடை சரியாக இருக்கிறது என்றால் அடுத்த நாள் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் அதுவரை சிறிய இடத்தில் அடைத்து வையுங்கள். படி, சோபா, வாசலுக்கு ஓடுவது எதுவும் கூடாது.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்கு அடியில். முதுகு மட்டமாக இருக்கட்டும். அக்குளில் கைகொடுத்து, பின்பகுதி தொங்கும்படி தூக்கவே கூடாது. பெரிய நாயென்றால் பலகையில் அல்லது இறுக்கமாகப் பிடித்த போர்வையில் இரண்டு பேராகத் தூக்குங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் கிளம்பும் முன் சாப்பிட எதுவும் தர வேண்டாம். வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் தொடவே வேண்டாம். இரண்டும் நாயின் உயிருக்கே ஆபத்து.

உள்ளே என்னதான் நடந்திருக்கிறது?

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருப்பதுதான் டிஸ்க். வெளியே நார் வளையம், உள்ளே மென்மையான கரு. சில இனங்களில் இந்தக் கரு குட்டிப் பருவத்திலேயே ஈரம் வற்றிக் கெட்டியாகி, சுண்ணாம்பு படிய ஆரம்பிக்கிறது. ஒருநாள் நார் வளையம் கிழிந்து, கெட்டியான பொருள் மேலே இருக்கும் தண்டுவடத்தில் வந்து மோதுகிறது. மோதிய அடி ஒன்று, அங்கேயே கிடந்து அழுத்துவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் கால்களைப் பாதிக்கின்றன.

இது முதல் வகை. டாக்ஸ்ஹண்டுதான் இதற்குப் பேர்போனது. பிரெஞ்சு புல்டாக், பீகிள், பெக்கிங்கீஸ், ஷிட்சு, பாசெட் ஹவுண்ட், காக்கர் ஸ்பானியல் ஆகியவற்றிலும் நிறையப் பார்க்கலாம். பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் வரும். வயதான பெரிய நாய்களுக்கு வருவது இரண்டாம் வகை. அதில் வளையம் கிழியாமல் மெல்ல மெல்லப் புடைத்துக்கொண்டு வரும். மாதக்கணக்கில் நடை தளரும். இப்படி இரண்டாகப் பிரித்தவர் ஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர். 1950களின் தொடக்கத்தில் அவர் செய்த பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் விலா எலும்புகள் முடியும் இடத்தை ஒட்டித்தான் டிஸ்க் விலகும். அதற்குக் காரணம் இருக்கிறது. மார்புப் பகுதியில் இடது, வலது விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் ஒரு நார், டிஸ்குக்கு மேலே குறுக்கே போய் அதைத் தடுத்து நிறுத்துகிறது. கடைசி விலா எலும்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. முதுகு வளையும் பகுதியும் அங்கேதான் தொடங்குகிறது.

சோபாவிலிருந்து குதித்தது. அதனால்தானே வந்தது? என் தப்புதானே?

இல்லை. குதித்தது கடைசி நிமிடத்துக் காரணம் மட்டுமே. டிஸ்க் அதற்குச் சில வருடங்கள் முன்பே கெட ஆரம்பித்துவிட்டது. குட்டைக் கால் இனங்களில் இதற்கு அடிப்படையான மரபணு மாற்றத்தை 2017இல் கண்டுபிடித்தார்கள். எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 12ஆவது குரோமோசோமில் போய் உட்கார்ந்திருக்கிறது. தூங்கி எழும்போதே முடங்கிப்போன நாய்களும் உண்டு. எதிலிருந்தும் குதிக்கவில்லை அவை.

பின்னங்கால் பலவீனம் என்றாலே டிஸ்க்தானா?

அல்ல. இதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும், இருந்தாலும் சில அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

ஓடி விளையாடும்போது திடீரென ஒருமுறை கத்திவிட்டு, ஒரு பக்கக் கால் விழுந்து, அதன்பின் வலியே இல்லாமல் இருந்தால் அது தண்டுவடத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பாக இருக்கலாம். முதல் நாளுக்குப் பிறகு இது பொதுவாக மோசமாவதில்லை. அறுவை சிகிச்சையும் தேவையில்லை. 8 வயதைத் தாண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட், பாக்ஸர், பெம்ப்ரோக் கார்கி போன்ற நாய் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்லத் தளர்ந்துகொண்டு வந்தால், தண்டுவடம் தேயும் நோயை யோசிப்பார்கள். அதோடு தொடர்புள்ள எஸ்ஓடி1 மரபணு மாற்றம் 2009இல் தெரிய வந்தது. அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. டிஸ்கில் கிருமித் தொற்று, கட்டி, டோபர்மேன், கிரேட் டேன் நாய்களின் கழுத்தெலும்புக் கோளாறு ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு வேறு என்பதால், "டிஸ்காகத்தான் இருக்கும்" என்ற ஊகத்தோடு பல வாரம் ஓட்டாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்களே?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணாம்பு படிந்த டிஸ்க் தெரியும், தண்டுவடம் தெரியாது. எது, எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று பார்க்க எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். அறுவை சிகிச்சை செய்ய முடிவானால்தான் அது கட்டாயம். ஓய்வில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்த லேசான நிலை நாய்க்குப் பெரும்பாலும் ஸ்கேன் இல்லாமலே வைத்தியம் நடக்கிறது.

"நிலை 3", "நிலை 5" என்று சொல்கிறார்கள். அப்படியென்றால்?

1 என்றால் வலி மட்டும். 2 என்றால் நடக்கிறது, ஆனால் தள்ளாட்டம். 3 என்றால் நடக்க முடியாது, கால் அசைகிறது. 4 என்றால் கால் அசையவே இல்லை, ஆனால் ஆழ்வலி உணர்வு இருக்கிறது. 5 என்றால் அந்த உணர்வும் இல்லை.

ஆழ்வலி உணர்வுதான் இதில் தலைவிதியைத் தீர்மானிப்பது. மருத்துவர் கால் விரல் எலும்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். நாய் காலைப் பின்னுக்கு இழுத்தால் உணர்வு இருக்கிறது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி மட்டுமே செய்கிற அனிச்சைச் செயலாக இருக்கலாம். தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் செய்தி மூளைவரை போகிறது என்று அர்த்தம். வீட்டில் நீங்களே நகத்தைக் கிள்ளிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அறுவை சிகிச்சையா, ஓய்வா?

1, 2ஆம் நிலைகளில் பெரும்பாலான நாய்கள் ஓய்விலும் வலி மருந்திலுமே தேறிவிடுகின்றன. வலி அடங்கவே இல்லை, திரும்பத் திரும்ப வருகிறது, நடை மோசமாகிறது என்றால் மட்டும் அறுவை சிகிச்சையைப் பேச வேண்டியிருக்கும். 3, 4இல் அறுவை சிகிச்சை நல்ல வழி. ஆழ்வலி உணர்வு இருக்கும்போது செய்தால் 10இல் 9 நாய்கள் திரும்ப நடக்கின்றன. முள்ளெலும்பின் பக்கவாட்டில் ஒரு சிறு ஜன்னல் திறந்து, விழுந்து கிடக்கும் டிஸ்க் பொருளை வழித்தெடுப்பார்கள்.

5ஆம் நிலையில் அறுவை சிகிச்சை செய்தாலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. செய்யாவிட்டால் அது இன்னும் வெகுவாகக் குறையும். உடனே செய்ய வேண்டும் என்று பலரும் சொல்வது இதனால்தான்.

பணமோ, தூரமோ, நாயின் வேறு நோயோ தடையாக இருந்து அறுவை சிகிச்சை முடியாமல் போகலாம். அதற்காக யாரும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. முடங்கிய நாயும் முறையான ஓய்விலும் பராமரிப்பிலும் தேறியதுண்டு, குறிப்பாக ஆழ்வலி உணர்வு இருக்கும்போது. கூடுதல் காலம் பிடிக்கும், தேறும் என்ற உறுதியும் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சிறிய வித்தியாசம் இல்லை.

கூண்டு ஓய்வு என்றால் எவ்வளவு கண்டிப்பு? கொஞ்சம் நடக்க விட்டால் என்ன?

எலும்பு முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுவது மாதிரிதான் கூண்டு. கிழிந்த நார் வளையத்தை வெளியிலிருந்து கட்டிப்போட வழியில்லை. நாயையே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. கிழிசல் தழும்பாகி மூட வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்க கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை குறைந்தது 4 வாரம் என்கிறது. 6 முதல் 8 வாரம் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், குறைக்காதீர்கள்.

நாய் நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய கூண்டு இரக்கம்போலத் தோன்றும், ஆனால் அதில் நாய் நடக்கும். அறையில் அடைப்பது கூண்டு ஓய்வு ஆகாது. மடியில் வைத்துக்கொள்வதும் ஆகாது, ஏனென்றால் அழைப்பு மணி அடித்தால் அது மடியிலிருந்துதான் பாயும். வழுக்காத விரிப்பு போடுங்கள். குனிந்து சிரமப்படாத உயரத்தில் தண்ணீர் வையுங்கள். கூண்டை வீட்டார் நடமாடும் இடத்தில் வையுங்கள், மூலையில் தள்ளாதீர்கள்.

வெளியே எடுப்பது மலஜலத்துக்கு மட்டும். தூக்கிக்கொண்டு போய், கழுத்துப்பட்டை இல்லாமல் மார்புப் பட்டை போட்டு, வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி, சில அடிகள். முடிந்ததும் திரும்பவும் கூண்டு. கழுத்து டிஸ்க் விலகிய நாய்க்குக் கழுத்துப்பட்டை இனி எப்போதும் வேண்டாம்.

மூன்றே நாளில் துள்ளுகிறது. சரியாகிவிட்டது இல்லையா?

நான் பார்த்தவரை அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். வலி மருந்து வேலை செய்கிறது, வீக்கம் வடிந்திருக்கிறது, நாய்க்கு வலி தெரியவில்லை. டிஸ்க் ஆறவில்லை. வலி இருந்தபோது அந்த வலியே நாயை அசையாமல் வைத்திருந்தது. இப்போது அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. இரண்டாம் வாரம் "பாவம், ரொம்ப நாளாக அடைந்து கிடக்கிறது" என்று அவிழ்த்துவிட்ட நாய், 2ஆம் நிலையிலிருந்து ஒரே நாளில் 4க்குப் போகலாம். நன்றாக இருக்கும் நாயைத்தான் இன்னும் கண்டிப்பாக அடைத்து வைக்க வேண்டும். மருந்தைக் குறைக்கும் நாட்களில் வலி திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

கூண்டில் ஓயாமல் கத்துகிறதே?

முதலில் வலியா, சலிப்பா என்று பிரியுங்கள். நடுக்கம், வளைந்த முதுகு, இறுகிய வயிறு, மேல்மூச்சு, தலையைத் தாழ்த்த மறுப்பது, இடம் மாற்றி மாற்றிப் படுப்பது ஆகியவை வலியின் அடையாளங்கள். அதற்குக் கூண்டின் மேல் துணி போட்டு மூடுவது தீர்வில்லை, மருந்தை மாற்ற வேண்டும். நீங்கள் அறையை விட்டுப் போனால் கத்தி, வந்தால் நிறுத்துகிறது என்றால் சலிப்பு. மெல்லும் பொம்மை, மோப்பம் பிடித்துத் தேடும்படி உணவைத் துணியில் மறைத்துக் கொடுப்பது, படுத்த இடத்திலேயே சின்னச் சின்னப் பயிற்சி என்று மூளைக்கு வேலை கொடுங்கள். எதற்கும் அடங்காமல் கூண்டில் மோதிக்கொண்டால், சாந்தப்படுத்தும் மருந்தை மருத்துவரிடமே கேட்டு வாங்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே ஒரு விதி மனப்பாடமாக இருக்கட்டும்: ஸ்டீராய்டும், ஸ்டீராய்டு அல்லாத வீக்கக்குறைப்பு மருந்தும் ஒன்றாகப் போகக் கூடாது. சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து ஓட்டையே விழலாம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். இரண்டு மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்றால் இந்த விபத்து சுலபமாக நடக்கும், எனவே கொடுத்த எல்லா மருந்துகளின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். வாந்தி, கறுத்த மலம், உணவு மறுப்பு எது வந்தாலும் உடனே போன் செய்யுங்கள். ஸ்டீராய்டைச் சில நாள் கொடுத்தபின் திடீரென நிறுத்தவும் கூடாது.

மேலே சொன்ன 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தை ஆதரிக்கவில்லை. உங்கள் நாய்க்கு அது எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை.

நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும், அதைப் பார்த்து நிலைமை மோசமாகிவிட்டது என்று பயப்படாதீர்கள். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவ மருந்தில் மட்டும் கவனம்: அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், நாய்களுக்கு அது விஷம்.

படுக்கையெல்லாம் சிறுநீர். அப்படியென்றால் தானாகப் போகிறது என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் நேர்மாறு. பை நிரம்பி, தாங்க முடியாமல் வழிகிறது. உள்ளே பாதிக்கு மேல் தேங்கியே இருக்கும். தேங்கினால் தொற்று வரும், பையின் தசையும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். கால் திரும்பிய பிறகும் அந்தத் தசை திரும்பாமல் போகலாம்.

எனவே நடக்காத நாயின் பையைப் பொதுவாக 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. மருத்துவமனையில் உங்கள் கையின் மேல் அவர்கள் கையை வைத்து அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் அவர்கள் பார்க்க நீங்கள் செய்யுங்கள். பின்தொடைகளுக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்துத் தேடினால் நிரம்பிய பை உருண்டையாக, இறுக்கமாக அகப்படும். மெல்ல, விடாமல் அழுத்த வேண்டும், குத்தக் கூடாது. தொடக்கத்தில் எல்லோருக்கும் அழுகை வருகிறது. ஒரு வாரத்தில் பேசிக்கொண்டே செய்கிறார்கள்.

அழுத்தினாலும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். சுருக்குத் தசை இறுகியிருக்கலாம், அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. வாடை மாறினால், கலங்கினால், ரத்தம் கலந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. மலத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. அது பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், எங்கே எப்போது என்பதுதான் நம் கையில் இருக்காது.

மசாஜ், பிசியோதெரபி, அக்குபஞ்சர், முதுகு பெல்ட்?

ஓய்வு மட்டுமே வைத்தியமாக இருக்கும் நாயின் முதுகை முதல் வாரங்களில் யாரும் பிசையவோ திருகவோ கூடாது. நெட்டி முறிக்கும் வைத்தியம் எப்போதுமே வேண்டாம். படுத்த நிலையில் கால்களை மெதுவாக மடக்கி நீட்டுவது, பாதத்தைத் தடவிக் கொடுப்பது ஆகியவற்றை மருத்துவர் சொன்ன பிறகு செய்யலாம். அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கு இவை சீக்கிரமே தொடங்கும். தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சி தையல் ஆறிய பிறகு. அக்குபஞ்சரால் வலி குறைவதாகச் சொல்பவர்கள் உண்டு. ஓய்வோடு சேர்த்துச் செய்யலாம், ஓய்வுக்குப் பதிலாக அல்ல. பெல்ட் டிஸ்கைக் காப்பாற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதைப் போட்டுவிட்டு நாயை அவிழ்த்துவிடுவதுதான் அதன் பெரிய ஆபத்து.

எப்போது நடக்கும்?

ஆழ்வலி உணர்வோடு அறுவை சிகிச்சைக்குப் போன நாய்கள் பல, 2 முதல் 4 வாரத்தில் எழுந்து தள்ளாடி நடக்கின்றன. 5ஆம் நிலை நாய்க்கு மாதங்கள் ஆகலாம். பொதுவாக முதலில் உணர்வு வரும், பிறகு உங்களைப் பார்த்து வால் ஆட்டும், அப்புறம் காலில் சின்ன அசைவு, நிற்பது, கடைசியில் நடை. வால் தானாகத் துடிப்பதும் உங்களைப் பார்த்து ஆடுவதும் வேறு வேறு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். உணர்வு திரும்பாமலே, அனிச்சையாக நடக்கக் கற்றுக்கொள்ளும் நாய்களும் இருக்கின்றன. பார்க்க அழகான நடை இல்லை, ஆனால் வீட்டைச் சுற்றி வர அது போதும்.

நடக்கவே இல்லை என்றால்? கருணைக்கொலை செய்யச் சொல்கிறார்களே?

முதல் நாளே அந்த முடிவு வேண்டாம், ஒரு விதிவிலக்கைத் தவிர. 5ஆம் நிலை நாய்களில் ஏறக்குறைய 10இல் ஒன்றுக்குத் தண்டுவடமே மேல்நோக்கி அழுகிக்கொண்டு போகும் நிலை முதல் சில நாட்களில் வருகிறது. வயிற்றுத் தசை தொளதொளவென ஆகும், முன்னங்காலும் தளரும், கடைசியில் மூச்சு தடுமாறும். அதற்கு வைத்தியம் இல்லை. மருத்துவர் அதை உறுதிசெய்தால் நாயை அந்த முடிவுவரை இழுத்தடிப்பது கொடுமை.

மற்றபடி, பின்னங்கால் செயலிழந்தாலும் வலியில்லாமல் இருக்கும் நாய்க்குத் தன் கால்களைப் பற்றி நமக்கிருக்கும் துக்கம் இல்லை. சக்கர வண்டி கட்டிவிட்டால் பூனையைத் துரத்தும். வண்டியை அளவெடுத்துச் செய்ய வேண்டும், அதிலேயே நாள் முழுக்க விடக் கூடாது. இழுத்து நகரும் நாய்க்குப் பாதத்திலும் இடுப்பிலும் புண் வரும், தினமும் புரட்டிப் பாருங்கள். சாப்பிடுகிறதா, உங்களைக் கண்டால் முகம் மாறுகிறதா, வலி கட்டுக்குள் இருக்கிறதா, உங்களால் தொடர்ந்து செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியும் நியாயமான கேள்விதான்.

எனக்கே முடியவில்லை. தூக்கமில்லை, வேலைக்குப் போக வேண்டும்.

சிறுநீர் அழுத்தும் வேலையை வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும், இது சலுகை இல்லை, தேவை. மருந்து நேரங்களை உங்கள் தூக்கத்துக்கு ஏற்ப மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றலாம். இதே நோயோடு நாய் வளர்த்த யாரிடமாவது பேசுங்கள். "ஒரு நாய்க்கா இவ்வளவு" என்பவர்களிடம் பேசுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

திரும்ப வருமா?

வரலாம். கெட்டுப்போன டிஸ்க் ஒன்று மட்டும் இருப்பதில்லை. ஓய்வால் தேறிய நாய்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம், அறுவை சிகிச்சை செய்தவற்றுக்குச் சற்றுக் குறைவு. நம் கையில் உறுதியாக இருப்பது எடை. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மார்புப் பட்டை, வழுக்காத தரை, சோபாவுக்குச் சாய்வுப் பலகை எல்லாம் நல்லதுதான். ஆனால் பயந்துபோய் நாயை வாழ்நாள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். டாக்ஸ்ஹண்ட் வளர்ப்பவர்களிடம் 2015இல் பிரிட்டனில் எடுத்த கணக்கெடுப்பில், தினமும் அரை மணி நேரத்துக்கும் குறைவாக உடற்பயிற்சி பெற்ற நாய்களிடம்தான் இந்த நோய் அதிகம் காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் தசை வலுவாக இருப்பது முதுகுக்கு நல்லது. ஓய்வுக் காலம் முடிந்ததும் 5 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள்.

அடுத்து இதே இனத்தில் குட்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கேட்டு வாங்குங்கள். டாக்ஸ்ஹண்டுகளுக்கு 2 முதல் 4 வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க் எத்தனை என்று எண்ணி, குறைவாக உள்ளவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விடும் முறை ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல காலமாக இருக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் அப்படி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா, அவற்றின் பெற்றோரில், உடன்பிறந்தவற்றில் எதற்காவது முதுகு போயிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். "எங்கள் நாய்களுக்கு அப்படி எதுவுமே வந்ததில்லை" என்று மட்டும் சொல்லி நகர்கிறார் என்றால், வேறு இடம் பாருங்கள்.